‘அங்கீகரிக்கப்பட்ட’ இணையவழிப் பட்டம்: அங்கீகரித்தது யார்?

க.பொ.த உயர்தரப் பெறுபேறுகள் வெளியான மறுநாளே பேஸ்புக்கில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். ‘வீட்டிலிருந்தபடியே பிரித்தானியப் பட்டம்’, ‘வேலை செய்துகொண்டே முதுமாணி’, ‘உயர்தரம் சித்தியடையாதவர்களும் விண்ணப்பிக்கலாம்’. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் மாணவர்களில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத நாடு இது. ஆகவே இந்த விளம்பரங்களைப் பார்க்கும் கண்களுக்குக் குறைவில்லை.

இவை எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு சொல் ‘அங்கீகரிக்கப்பட்டது’. யாரால் அங்கீகரிக்கப்பட்டது, எந்தக் கற்கைநெறி அங்கீகரிக்கப்பட்டது, எந்தத் தேவைக்காக அங்கீகரிக்கப்பட்டது என்ற மூன்றும் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காத வரை அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இது வெறும் சொற்சண்டை அல்ல. அரச வேலைக்கான வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். பட்டதாரி நியமனம் என்றால், ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் பெற்ற பட்டம்’ என்று, அல்லது அதே பொருளில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனையைப் பட்டமளிப்பு விழாவில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. நேர்முகத் தேர்வில் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. அதற்குள் இரண்டு மூன்று வருடங்களும் சில இலட்சம் ரூபாவும் போயிருக்கும்.

ஒரு விளம்பரத்தில் ஐந்து முத்திரைகள்

கடந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து ஒரு தாயார் தன் மகளுக்கு வந்த விளம்பரப் பிரசுரம் ஒன்றை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். ஆறு மாதத்தில் வணிக முகாமைத்துவ இளமாணிப் பட்டம், முழுவதும் இணையவழியில். ஒரு கிழமைக்குள் முதல் தவணையைக் கட்டினால் கட்டணத்தில் பாதி கழிவு. காப்பை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். “தம்பி, இவ்வளவு சீல் அடிச்சிருக்கு, பொய்யாவே இருக்கும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிரசுரத்தின் அடியில் ஐந்து முத்திரைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது, இலங்கையில் கம்பனியாகப் பதிவுசெய்த இலக்கம். இலக்கம் உண்மையானதுதான். ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவுசெய்வது வியாபாரம் நடத்துவதற்கான பதிவு மட்டுமே. பலசரக்குக் கடையும் அதே சட்டத்தின் கீழ் பதிவாகலாம். பட்டம் வழங்கும் அதிகாரம் அதிலிருந்து வராது.

இரண்டாவது, ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ். ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைகள் ஒழுங்காக எழுதப்பட்டுப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் சான்றிதழ் இது. பாடத்திட்டத்தையும் பட்டத்தின் பெறுமதியையும் அது தொடுவதில்லை.

மூன்றாவது, பிரித்தானியக் கல்வி வழங்குநர் பதிவேட்டின் எட்டு இலக்க எண். பார்ப்பதற்கு மிகவும் அதிகாரபூர்வமானதாகத் தெரியும். ஆனால் அந்தப் பதிவேடு கல்வி, பயிற்சி வழங்குவோரின் பெயர் விபரத் திரட்டு மட்டுமே. அதில் இருப்பது தரச் சான்று ஆகாது. பட்டம் வழங்கும் அதிகாரத்தையும் அது தருவதில்லை.

நான்காவது, ‘சர்வதேச’ என்று தொடங்கும் பெயருடைய ஒரு தர அங்கீகார சபையின் முத்திரை. அந்தச் சபையின் இணையத்தளத்துக்குப் போனேன். அழகான தளம். அந்தச் சபையை அங்கீகரித்தது யார் என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை. எந்த அரசின் பட்டியலிலும் அந்தப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாவது, ‘வெளிவிவகார அமைச்சினால் உறுதிப்படுத்தித் தரப்படும்’ என்ற வரி. கொன்சியூலர் பிரிவு ஓர் ஆவணத்தை உறுதிப்படுத்தும்போது, அதிலுள்ள கையொப்பமும் முத்திரையும் உரியவருடையவைதானா என்றே பார்க்கிறது. அந்தப் பட்டம் தரமானதா, செல்லுபடியாகுமா என்பது அதன் வேலை அல்ல.

ஐந்தில் மூன்று முத்திரைகள் உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் ஐந்தும் சேர்ந்தும் ‘இந்தப் பட்டத்தை வழங்க இந்த நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு’ என்று சொல்லவில்லை. ஏமாற்று விளம்பரங்கள் முழுப் பொய்யை விட, இடம் மாறிய உண்மைகளில்தான் அதிகம் தங்கியிருக்கின்றன.

ஆறு மாதம் என்ற கணக்கையும் பார்த்துவிடுவோம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி சாதாரண இளமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 90 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி என்பது விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றல். மொத்தம் 4,500 மணித்தியாலங்கள். ஆறு மாதத்தில் இரவு பகல் எல்லாம் சேர்த்தாலே இருப்பது ஏறக்குறைய 4,380 மணித்தியாலங்கள்தான். நித்திரை கொள்ளாமல் படித்தாலும் முடியாது. ஏற்கெனவே உயர் தேசிய டிப்ளோமா போன்ற தகைமை ஒன்றை முடித்தவர் இறுதி வருடத்தை மட்டும் படிப்பது வேறு விடயம். உயர்தரம் முடித்த பிள்ளைக்கு ஆறு மாதத்தில் பட்டம் தருவதாகச் சொல்பவரிடம் வேறெதையும் கேட்கத் தேவையில்லை.

போலிச் சபைகள் எப்படி உருவாகின்றன

தர அங்கீகார சபையே போலியாக இருக்குமா என்று பலர் நம்பமாட்டார்கள். 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் கராச்சியைத் தளமாகக் கொண்ட அக்ஸாக்ட் என்ற மென்பொருள் நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை உலகெங்கும் விற்றது என்று அது வெளிப்படுத்தியது. அந்த வலையமைப்பில் குறைந்தது 370 இணையத்தளங்கள் இருந்தன. அவற்றில் எல்லாமே பல்கலைக்கழகங்களின் தளங்கள் அல்ல. அந்தப் பல்கலைக்கழகங்களை ‘அங்கீகரிக்கும்’ சபைகளின் தளங்களும் அவற்றுள் இருந்தன. அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் கையொப்பம் பொறித்த உறுதிப்படுத்தல் பத்திரங்கள்கூட விற்கப்பட்டன.

கல்லூரியும் அதைச் சான்றுரைக்கும் சபையும் ஒரே மேசையில் உருவாகலாம் என்பதை அந்தச் செய்தி காட்டியது. ஆகவே கல்லூரியின் தளத்தில் கொடுத்திருக்கும் இணைப்பை அழுத்திச் சரிபார்ப்பது சரிபார்ப்பு அல்ல. அரசின் அல்லது ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டை நீங்களாகத் தேடித் திறந்து, அங்கே கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: சான்றிதழில் யாருடைய பெயர்?

இலங்கையில் இணையவழியாகவோ நேரடியாகவோ விற்கப்படும் கற்கைநெறிகளைச் சான்றிதழ் யாருடையது என்பதை வைத்துப் பிரித்தால் குழப்பம் குறையும்.

ஒன்று, அரச பல்கலைக்கழகங்களின் பட்டங்கள். இவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும், ஏனைய பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் இதில் அடங்கும்.

இரண்டு, அரச சார்பற்ற உள்நாட்டு நிறுவனங்களின் பட்டங்கள். அதே சட்டத்தின் 25அ பிரிவின் கீழ், உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் நிறுவனமாக ஒன்றை அங்கீகரிக்கலாம். மாலபேயின் ஸ்லிட், ஹோமாகமவின் என்.எஸ்.பி.எம். ஆகியவை இவ்வாறு பட்டம் வழங்குபவை. இங்கே கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் குறிப்பிட்ட பட்டங்களுக்கே வழங்கப்படுகிறது என்பது. ஒரே நிறுவனத்தில் ஒரு பட்டம் வர்த்தமானியில் இருக்கும், பக்கத்து வகுப்பில் நடக்கும் இன்னொரு கற்கைநெறி இருக்காது. ‘எங்கள் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ‘இந்தப் பட்டம்?’ என்று கேளுங்கள்.

மூன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள நிறுவனம் வகுப்பை மட்டும் நடத்தும், அல்லது முகவராக மட்டும் இருக்கும். பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும். இங்கு உள்ளூர் நிறுவனத்தின் கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் பார்த்துப் பயனில்லை. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தையே பார்க்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் உள்ளூர் நிறுவனத்தைத் தன் பங்காளராகத் தன்னுடைய தளத்தில் குறிப்பிட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். இங்கே அதன் இலச்சினை இருப்பது போதாது, அங்கே இதன் பெயர் இருக்க வேண்டும்.

நான்கு, பட்டமே அல்லாத டிப்ளோமாக்களும் தொழிற்பயிற்சிச் சான்றிதழ்களும். இவற்றை நடத்தும் நிறுவனங்கள் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்ய வேண்டும். இங்கும் நிறுவனத்தைப் பதிவுசெய்வது வேறு, கற்கைநெறிக்குத் தர அங்கீகாரம் பெறுவது வேறு. இந்த ஆணைக்குழுவின் பதிவைக் காட்டிப் பட்டம் விற்பவர்களும் உண்டு. அந்தப் பதிவு பட்டத்துக்கானது அல்ல.

7 என்ற இலக்கத்தின் விளையாட்டு

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ‘லெவல் 7’ பற்றியவை. ஒரே இலக்கம் மூன்று சட்டகங்களில் மூன்று பொருள் தருகிறது.

எங்கள் தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வி.கியூ. வரிசையில், 7 என்பது பட்டத்துக்குச் சமமான மட்டம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் 12 மட்டங்களில் 7 என்பது பட்டப்பின் சான்றிதழ். அங்கே இளமாணி 5, சிறப்பு இளமாணி 6, பட்டப்பின் டிப்ளோமா 8, முதுமாணி 9 அல்லது 10. பிரித்தானியாவிலோ 7 என்பது முதுமாணி மட்டம்.

இந்த இடைவெளியில்தான் ‘லெவல் 7 டிப்ளோமா, முதுமாணிக்குச் சமம்’ என்ற விளம்பரம் புகுந்துகொள்கிறது. பிரித்தானியாவின் தகைமைகள் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்குவாலின் பதிவேட்டில் அந்த டிப்ளோமா உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது முதுமாணிப் பட்டத்தின் கடினத்தை ஒத்த மட்டத்தில் உள்ள டிப்ளோமா. முதுமாணிப் பட்டம் அல்ல. ஒஃப்குவால் பட்டங்களை ஒழுங்குபடுத்துவதும் இல்லை. ‘சமமான மட்டம்’ என்பதும் ‘பட்டம்’ என்பதும் ஒன்றல்ல என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிப்ளோமாவுக்குப் பயன் இருக்கலாம். முதுமாணி என்று நம்பி அதற்குப் பணம் கட்டுவதுதான் இழப்பு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை எங்கே தேடுவது

எங்கள் மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்கும்போது பார்க்கும் அடிப்படை நூல்கள் இரண்டு. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் ஆண்டு நூல் ஒன்று. சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கையேடு மற்றொன்று. பின்னைய சங்கம் தன் விபரங்களை உலக உயர்கல்வித் தரவுத்தளம் என்ற பெயரில் இணையத்திலும் வைத்திருக்கிறது. யாரும் இலவசமாகத் தேடலாம். நான் எப்போதும் முதலில் திறப்பது இதைத்தான். கிளிநொச்சித் தாயார் அனுப்பிய பிரசுரத்திலிருந்த பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருக்கவில்லை. மிகவும் ஒத்த பெயரில் வேறொரு பழைய பல்கலைக்கழகம் இருந்தது. எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பது அவசியம்.

பிரித்தானியப் பட்டம் என்றால் பிரித்தானிய அரசின் தளத்தில் பட்டம் வழங்கும் அதிகாரம் கொண்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டப்படி, அதிகாரம் இல்லாமல் பிரித்தானியப் பட்டம் என்று சொல்லி வழங்குவது அங்கே குற்றம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசு நேரடியாகத் தர அங்கீகாரம் வழங்குவதில்லை. தனியார் அமைப்புகளே வழங்குகின்றன. அந்த அமைப்புகளைக் கல்வித் திணைக்களமும், உயர்கல்வித் தர அங்கீகாரச் சபையும் அங்கீகரிக்கின்றன. ஆகவே அங்கே இரண்டு படிகள்: கல்லூரியை அங்கீகரித்தது யார், அந்த அமைப்பை அங்கீகரித்தது யார். கல்வித் திணைக்களத்தின் தரவுத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல்வழியாகப் படித்தவர்கள் எம்மிடையே பலர். அங்கே பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தாலும், தொலைக்கல்வி அல்லது இணையவழியில் நடத்துவதற்கு இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தனி அனுமதி தேவை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி என்பதை அதன் தொலைக்கல்விப் பிரிவு வெளியிடுகிறது. மருத்துவம், பொறியியல், சட்டம், தாதியியல் போன்றவற்றை இந்த முறையில் நடத்த 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இடமளிக்கவில்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அதே குழு வெளியிடுகிறது.

யுனெஸ்கோ அங்கீகாரம் என்று யாராவது சொன்னால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். யுனெஸ்கோ எந்தக் கல்லூரிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை.

உங்களுக்கு எதற்காக வேண்டும்?

எல்லாப் பட்டியல்களிலும் பெயர் இருந்தாலும் மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது. அரச வேலைக்கென்றால் வர்த்தமானியின் சொற்கள்தான் தீர்ப்பு. வைத்தியராக வேண்டுமென்றால் இலங்கை மருத்துவ சபை ஏற்க வேண்டும். கனடாவுக்குக் குடிபெயர்வதற்கென்றால், அந்நாடு நியமித்த அமைப்பு ஒன்றிடம் கல்வித் தகைமை மதிப்பீடு பெற வேண்டும். தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வுக்கென்றால், அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடலாம். ஒரு தேவைக்குச் செல்லும் பட்டம் இன்னொன்றுக்குச் செல்லாமல் போவது சாதாரணமாக நடப்பது.

இதனால் இணையவழிக் கல்வியே சந்தேகத்துக்குரியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்துகிறது. 1921இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவர்களை அந்தப் பரீட்சைகளுக்குத்தான் தயார்செய்தது. எங்கள் முன்னைய தலைமுறைக் கல்விமான்கள் பலர் லண்டனைக் காணாமலே லண்டன் பட்டதாரிகள் ஆனவர்கள். இன்று குழந்தையை நித்திரையாக்கிவிட்டு இரவில் படிக்கும் தாய்க்கும், கொழும்பில் அறை எடுக்க வசதியில்லாத மாணவனுக்கும் இணையவழிதான் வழி. அவர்கள் உழைத்துப் பெறும் பட்டத்தின் மதிப்பைக் கெடுப்பவையே காசுக்குப் பட்டம் விற்கும் கடைகள். பணம் கட்டிப் பெற்ற ‘கௌரவ கலாநிதி’ பட்டத்துக்கு நாம் பத்திரிகையில் வாழ்த்து விளம்பரம் போடும்போது அந்தக் கடைகளுக்கு நாமும் வாடிக்கையாளர் ஆகிறோம்.

பணம் கட்டுவதற்கு முன்

சரிபார்க்க ஒரு பின்னேரம் போதும். செய்ய வேண்டியவை இவை.

நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: சான்றிதழில் அச்சாகும் நிறுவனத்தின் முழுப்பெயர் என்ன, பட்டத்தின் முழுப்பெயர் என்ன, எந்தச் சட்டத்தின் அல்லது எந்த அமைப்பின் அதிகாரத்தில் அது வழங்கப்படுகிறது? மின்னஞ்சலில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அந்தத் தாயாரிடம் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை அழைத்துக்கொண்டிருந்த முகவர் எழுத்தில் கேட்டதும் மௌனமாகிவிட்டார். காப்பு வீட்டிலேயே இருக்கிறது.

பதில் வந்தால், அதிலுள்ள பெயரை உரிய பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘இந்த நிறுவனம் நல்லதா’ என்று கேட்காமல், ‘இந்தப் பெயருடைய பல்கலைக்கழகம், இந்தப் பெயருடைய பட்டம், இணையவழியில் கற்றால் ஏற்கப்படுமா’ என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதிலும் குறிப்பாக வரும்.

ஏற்கெனவே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டவர்கள் பற்றுச்சீட்டு, விளம்பரம், வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். அடுத்த தவணையைக் கட்டுமுன் மேலே சொன்ன சரிபார்ப்பைச் செய்யுங்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிலும் பொலிஸிலும் முறையிடலாம். வெட்கப்பட்டு மறைப்பதால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே முகவரிடம் போகிறது.

‘ஒரு கிழமைக்குள் கட்டினால் பாதிக் கழிவு’ என்ற அவசரத்தை மட்டும் யாரிடமிருந்தும் ஏற்காதீர்கள். நல்ல பட்டம் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.